செக்ரட்டேரியட்: ஒரு குதிரையின் எச்சம்

இறந்துபோன ஓர் உயிர் எந்த வகையில் இவ்வுலகில் எஞ்சி நிற்கிறது என்ற கேள்விக்குச் சமயங்களும் மெய்யியல் மரபுகளும் பெரும்பாலும் மனிதரை முன்வைத்தே விடை தேடியுள்ளன. விலங்குகளைப் பற்றி அவை பேசியது குறைவு. பேசிய இடங்களிலும் தனியொரு விலங்கை விட்டுவிட்டு அதன் இனத்தையே எடுத்துக்கொண்டன. பந்தயக் குதிரை வளர்ப்பில் மட்டும் இக்கேள்வி பெயர், பிறந்த நாள், பெற்றோர் ஆகிய எல்லாம் ஏட்டில் பதிவான ஒரு குறிப்பிட்ட விலங்கைப் பற்றியதாக எழுகிறது. 1970 மார்ச் 30 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து மெடோ பண்ணையில் பிறந்து, 1989 அக்டோபர் 4 அன்று கென்டக்கி மாநிலத்துக் கிளெய்போர்ன் பண்ணையில் இறந்த செக்ரட்டேரியட் என்ற குதிரையைக் குறித்து அதன் ரசிகர்கள் இன்றளவும் இரண்டு கூற்றுகளை ஒரே மூச்சில் சொல்லி வருகின்றனர்: அதைப் போன்ற குதிரை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்பது ஒன்று, அதன் இரத்தம் இன்று ஓடும் குதிரைகளில் எல்லாம் ஓடுகிறது, ஆகவே அது சாகவில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணைநிற்பன போலத் தோன்றினாலும், சற்று நெருங்கிப் பார்த்தால் முதலாவது மெய்யானால் இரண்டாவது ஆறுதலாகாது என்பது தெரியவரும்.

தரோபிரெட் என்பது பதினேழாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட பந்தயக் குதிரை இனம். கிழக்கு நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன் என்ற மூன்று ஆண்குதிரைகளில் ஒன்றில்தான் இன்று உலகின் எந்த மூலையில் ஓடும் தரோபிரெட்டின் தந்தைவழியும் போய் முடியும். 1791-இல் ஜேம்ஸ் வெதர்பியின் முயற்சியால் வெளிவரத் தொடங்கிய வம்சாவளி ஏடும், அதை ஒட்டிப் பிற நாடுகளில் தோன்றிய ஏடுகளும் இவ்வினத்தின் எல்லையை வரையறுக்கின்றன. தாயும் தந்தையும் ஏட்டில் இல்லாத குட்டி எத்தனை வேகமாக ஓடினாலும் தரோபிரெட் ஆகாது. தகுதி ஓட்டத்தால் அளக்கப்பட்டாலும் உறுப்புரிமை பிறப்பால் மட்டுமே கிடைக்கும் அமைப்பு இது. குலத்தைப் பற்றி இவ்வளவு கறாரான கணக்கு மனிதரிடையே இல்லை என்று யாராவது சொன்னால், தமிழ் வாசகர் அதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்.

செக்ரட்டேரியட்டின் தந்தை போல்ட் ரூலர், தாய் சம்திங்ராயல், தாயின் தந்தை, தொலைதூர ஓட்டத்துக்குப் பெயர்பெற்ற பிரின்ஸ்குவில்லோ. போல்ட் ரூலரை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆக்டன் ஃபிப்ஸ், பொலிகட்டணமாகப் பணம் வாங்குவதற்கு மாறாக, மெடோ பண்ணை அனுப்பும் இரண்டு பெண்குதிரைகள் ஈன்ற குட்டிகளில் தமக்கொரு பங்கு பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை வைத்திருந்தார். முதல் ஆண்டுக் குட்டிகளில் யார் முதலில் தெரிவு செய்வது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிப்பர், தோற்றவருக்கு அடுத்த ஆண்டில் முதல் தெரிவு. 1969-இல் சுண்டியதில் ஃபிப்ஸ் வென்று, சம்திங்ராயல் ஈன்ற பெண்குட்டியை எடுத்துக்கொண்டார். மெடோ பண்ணையின் சார்பில் கலந்துகொண்டு தோற்ற பென்னி செனரிக்கு, அந்தத் தாயின் வயிற்றில் அப்போது வளர்ந்துகொண்டிருந்த அடுத்த குட்டி உரியதாயிற்று; அதுவே செக்ரட்டேரியட். ஃபிப்ஸுக்குப் போன பெண்குட்டிக்குத் தி பிரைட் என்று பெயர். அது அதே தந்தைக்கும் அதே தாய்க்கும் ஓராண்டு முன்னர் பிறந்தது. பந்தயத்தில் ஒருமுறைகூட வெல்லவில்லை. இவ்விரு குட்டிகளுக்கும் ஏட்டில் எழுதப்பட்ட வம்சாவளி எழுத்துக்கு எழுத்து ஒன்றே. அதே பெற்றோருக்கு 1965-இல் பிறந்த சிரியன் சீ என்ற பெண்குதிரை பெரிய பந்தயத்தில் வென்றதையும் சேர்த்துப் பார்த்தால், வம்சாவளி எதையுமே சொல்வதில்லை என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. ஆனால் ரசிகர்கள் நினைவுகூரும் அந்த ஒன்றைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

அந்த ஒன்று என்ன என்பதை 1973 ஜூன் 9 அன்று நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க்கில் ஏறத்தாழ 70,000 பேர் கண்டனர். மூன்று வயதுக் குதிரைகளுக்கான கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் ஆகிய மூன்று பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வெல்வது மும்முடி எனப்படும். 1948-இல் சைட்டேஷன் அதைப் பெற்ற பின் 25 ஆண்டுகள் வேறெந்தக் குதிரைக்கும் அது வாய்க்கவில்லை. டெர்பியின் ஒன்றேகால் மைலில் செக்ரட்டேரியட் ஒவ்வொரு கால் மைலையும் அதற்கு முந்தையதைவிடக் குறைந்த நேரத்தில் கடந்திருந்தது. களைப்பு கூடக்கூட வேகம் குறைய வேண்டும் என்ற இயல்பான எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கிய அந்த ஓட்டத்தின் நேரமான 1 நிமிடம் 59.4 வினாடி இன்றும் முறியடிக்கப்படவில்லை. பெல்மான்டில் தூரம் ஒன்றரை மைல். முதல் பாதியில் ஷாம் என்ற குதிரை அதனோடு தலைக்குத் தலை ஓடியது. பின்னர் ஷாம் தளர்ந்து பின்வாங்க, முன்னே செல்லும் குதிரையைத் துரத்துவதற்கு எவரும் இல்லாத நிலையிலும், ஜாக்கி ரான் டர்காட் சாட்டையைத் தொடாமலிருக்க, செக்ரட்டேரியட் வேகத்தைக் குறைக்கவில்லை. 2 நிமிடம் 24 வினாடியில் எல்லைக்கோட்டைக் கடந்தபோது அடுத்த குதிரை 31 குதிரை நீளம் பின்னால் இருந்தது. போட்டியை வெல்வதற்கு அந்த வேகம் தேவைப்படவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பயன் கருதிய செயலுக்கும் பயனைத் தாண்டிய செயலுக்கும் சமயச் சிந்தனை காணும் வேறுபாட்டை ஒரு விலங்கின்மீது ஏற்றிச் சொல்வது மிகையாகலாம். ஆயினும் அன்று அங்கிருந்தவர்கள் அழுததற்கு, ஏற்கெனவே தெரிந்திருந்த வெற்றி காரணமல்ல, தேவைக்கு அப்பால் கொட்டப்பட்ட அந்த மிகுதியே காரணம் என்று கொள்வதே பொருந்தும்.

அன்று செக்ரட்டேரியட்டின்மீது 2 டாலர் கட்டியவருக்குக் கிடைக்கவிருந்தது 2.20 டாலர். அவ்வாறு வென்ற சீட்டுகளில் 5,617 சீட்டுகளைக் கொடுத்து ஒருவரும் பணம் பெற வரவில்லை. மீந்துபோவது இருபது சென்ட் என்பதால் சோம்பியவர்கள் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் கட்டிய 2 டாலரையும் சேர்த்து விட்டுக்கொடுத்துச் சீட்டை வைத்துக்கொண்டவர்களின் செயல், புனிதர்களின் எலும்பையும் ஆடைத்துணுக்கையும் போற்றிவைத்த இடைக்காலக் கிறித்தவரின் செயலோடு ஒரே வகையைச் சேர்ந்தது. திருப்பண்டம் என்று கிறித்தவத் தமிழில் வழங்கும் அப்பொருள்களின் மதிப்பு, அவற்றை மாற்றாகக் கொடுத்துப் பெறக்கூடிய எதிலும் இல்லை; அந்த ஒருவரை, அந்த ஒரு நாளைத் தொட்டுவந்தவை என்பதில்தான் இருக்கிறது. பிரதி எடுத்தால் போய்விடும் மதிப்பு அது.

இதற்கு நேர்மாறான மதிப்பீடு அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னரே கையெழுத்தாகியிருந்தது. மெடோ பண்ணையின் நிறுவனர் கிறிஸ்டஃபர் செனரி 1973 ஜனவரியில் இறந்தபோது, அவர் விட்டுச்சென்ற சொத்தின்மீதான வாரிசு வரியைச் செலுத்தப் பணம் தேவைப்பட்டது. கிளெய்போர்ன் பண்ணையின் இளைஞரான சேத் ஹேன்காக், செக்ரட்டேரியட்டின் வருங்கால இனவிருத்தி உரிமையை 32 பங்குகளாகப் பிரித்து, பங்கொன்று 1,90,000 டாலர் என்று மொத்தம் 60,80,000 டாலருக்கு விற்றுமுடித்தார். அந்த உடன்படிக்கையின்படி மூன்று வயதுப் பருவம் முடிந்ததும் குதிரை ஓட்டத்திலிருந்து விலகிவிட வேண்டும். மனிதத் தந்தையின் சொத்து வாரிசுகளுக்குப் போவதற்காக, அதுவரை பிறக்காத குட்டிகள் முன்கூட்டியே விற்கப்பட்டன. 1972 ஜூலை 4 முதல் 1973 அக்டோபர் 28 வரை, பதினாறு மாதங்களுக்குள் 21 முறை ஓடி 16 முறை வென்ற அக்குதிரை, அடுத்த பதினாறு ஆண்டுகளைப் பொலிகுதிரையாகக் கழித்தது. ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பது முதல் பதினாறு மாதங்களை. ஏடு கணக்கில் வைத்திருப்பது பின்னைய பதினாறு ஆண்டுகளை.

அக்கணக்கின் தொடக்கம் அவ்வளவு கம்பீரமாக இல்லை. முதல் சோதனைகளில் விந்தணுக்கள் முதிர்ச்சியற்றவை என்று மருத்துவர் ஐயுற்றதால், விலையுயர்ந்த பெண்குதிரைகளை விடுவதற்கு முன் வேற்றினத்துப் பெண்குதிரைகளோடு சேர்த்துப் பார்த்தனர். அதன் விளைவாக, உலகமே காத்திருந்த செக்ரட்டேரியட்டின் முதல் குட்டி, உடலில் புள்ளிகள் கொண்ட அப்பலூசா இனத் தாய்க்கு 1974-இல் பிறந்து, வம்சாவளி ஏட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. ஏட்டுக்குள் வந்தவற்றில் கனடியன் பவுண்ட் என்ற ஆண்குட்டி 1976-இல் கீன்லேண்ட் ஏலத்தில் 15,00,000 டாலருக்குப் போயிற்று. ஒரு வயதுக் குதிரை ஏலத்தில் பத்து இலட்சம் டாலரைத் தாண்டியது அதுவே முதன்முறை. அது ஒரு பந்தயத்திலும் வெல்லவில்லை. 650-க்கும் மேற்பட்ட குட்டிகளில் 1986-ஆம் ஆண்டின் சிறந்த குதிரையாகத் தேர்வான லேடீஸ் சீக்ரெட்டும், 1988-இல் பிரீக்னஸையும் பெல்மான்டையும் வென்ற ரைசன் ஸ்டாரும் போன்றவை உண்டு. வேறெந்தப் பொலிகுதிரையாக இருந்தாலும் இது போதிய புகழ். ஆனால் தந்தையை ஒத்த மகன் வரவில்லை என்பதால் செக்ரட்டேரியட் இனவிருத்தியில் தோற்றுவிட்டது என்ற பேச்சு நெடுநாள் நிலவியது. அதை ஏமாற்றம் என்று அழைத்தவர்கள், தம்மை அறியாமல், ஒப்பற்றது என்ற சொல்லுக்குத் தாம் கொடுத்த பொருளையே கைவிட்டனர்.

பிறகு காட்சி மாறியது, அதுவும் மகள்கள் வழியாக. டெர்லிங்குவா என்ற மகளின் மகன் ஸ்டார்ம் கேட், பின்னாளில் ஒருமுறை சேர்ப்பதற்கு 5,00,000 டாலர் கட்டணம் பெற்ற பொலிகுதிரை. வீக்எண்ட் சர்ப்ரைஸ் என்ற மகளின் மகன் ஏ.பி. இண்டி, பாட்டன் இறந்த அதே 1989-இல் பிறந்து, 1992-இல் பாட்டன் வென்ற அதே பெல்மான்டை வென்றது. செக்ரட்டாமே என்ற மகள் கான் வெஸ்டை ஈன்றது. தாய்வழிப் பாட்டன் என்ற வரிசையில் 1992-இல் வட அமெரிக்காவின் முதலிடம், மூன்றாண்டுகளுக்கு முன் இறந்துவிட்ட செக்ரட்டேரியட்டுக்குக் கிடைத்தது. 2015-இல் மும்முடி பெற்ற அமெரிக்கன் ஃபேரோவும் 2018-இல் பெற்ற ஜஸ்டிஃபையும் ஸ்டார்ம் கேட் வழியாக அதன் வம்சத்தில் வருபவை. தந்தைவழியையே குலமாக எண்ணிப் பழகிய தொழிலில், பெயர் தங்காத பெண்வழியிலேயே அதன் கொடை தங்கியது. ஆனால் கொடை என்பது எவ்வளவு? அமெரிக்கன் ஃபேரோவுக்குச் செக்ரட்டேரியட், இவ்வழியில், ஐந்தாம் தலைமுறை முன்னோர். ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி மரபணுக்களே இறங்குவதால், ஐந்தாம் தலைமுறையில் சராசரியாக முப்பத்திரண்டில் ஒரு பங்கு எஞ்சும். அந்தப் பங்கும் போல்ட் ரூலரிடமிருந்தும் சம்திங்ராயலிடமிருந்தும் செக்ரட்டேரியட் பெற்றதே அன்றி, அது தானே உண்டாக்கியது அன்று. பெல்மான்டில் ஓடியதால் அம்மரபணுக்களில் ஓர் எழுத்தும் மாறிவிடவில்லை. அது ஓடாமலே இருந்திருந்தாலும் அதே மரபணுக்களைத்தான் குட்டிகளுக்குக் கொடுத்திருக்கும்.

இந்த இடத்தில் பழைய மெய்யியலாளர் இருவரைக் கேட்பது பயன்தரும். உயிரைப் பற்றிய தம் நூலில் அரிஸ்டாட்டில், அழியும் உயிர்கள் என்றும் நிலைத்திருப்பதில் தமக்கு இயன்ற அளவு பங்கு பெறவே தம்மைப் போன்ற இன்னொன்றைப் பிறப்பிக்கின்றன என்றும், அவ்வாறு எஞ்சுவது அந்தத் தனி உயிர் அன்று, அதன் வடிவத்தை ஒத்த பிறிதொன்றே என்றும் விளக்குகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், மனித ஆன்மா ஒவ்வொன்றையும் இறைவன் நேரே படைக்கிறார் என்று கொண்டபோதும், விலங்கின் ஆன்மா உடலோடு சேர்ந்து பெற்றோரிடமிருந்தே இறங்கி உடலோடு அழிகிறது என்று தம் இறையியல் பெருநூலில் வாதிட்டார். வளர்ப்போரின் நம்பிக்கைக்கு இதைவிட ஏற்ற இறையியல் கிடையாது: குதிரையை ஓட்டும் அந்த உள்ளுயிர்ப்பே விந்தோடு இறங்குமானால், நல்ல தந்தையைத் தேடிக் கட்டணம் செலுத்துவது அறிவுடைமையே. அதே பெற்றோருக்குப் பிறந்தும் வெல்லாத தி பிரைட் மட்டும் அதற்குப் பொருந்தாமல் நிற்கிறது.

சைவ சித்தாந்தம் இதற்கு நேரெதிரான இடத்திலிருந்து தொடங்குகிறது. உயிர்கள் எண்ணற்றவை, அவை படைக்கப்பட்டவையும் அல்ல, பெற்றோரிடமிருந்து கிளைத்தவையும் அல்ல, இறைவனைப் போலவே தொடக்கம் இல்லாதவை என்பது அதன் கொள்கை. பிறவிதோறும் தத்தம் வினைக்கு ஏற்ற உடலும் கருவிகளும் உலகும் நுகர்ச்சியும் அவற்றுக்கு மாயையிலிருந்து கூட்டப்படுகின்றன. இங்கே மனிதனுக்கும் விலங்குக்கும் உயிர் அளவில் வேறுபாடு இல்லை; எழுவகைப் பிறப்பில் விலங்கும் ஒன்று. இதன்படி போல்ட் ரூலரும் சம்திங்ராயலும் தந்தது ஓர் உடலை. அவ்வுடலில் வந்து ஓடியது அவர்களுடையதல்லாத, வேறு யாருடையதும் அல்லாத ஓர் உயிர். பெற்றோர் ஒன்றாயினும் இரண்டு குட்டிகள் வேறுவேறாவது இக்கொள்கைக்குப் புதிர் அன்று. இதை அறிவியல் விளக்கமாக யாரும் ஏற்கத் தேவையில்லை. மரபணுக்களின் கலப்பிலும் வளர்ப்பிலும் தற்செயலிலும் அந்த வேற்றுமைக்குக் காரணம் தேடலாம். ஆனால் செக்ரட்டேரியட்டை நினைந்து அழும் கென்டக்கி ரசிகரின் மனம், அவர் வளர்ந்த கிறித்தவத்தின் விலங்குக் கொள்கையைவிட, அவர் பெயரும் கேட்டிராத சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் கொள்கைக்கு அருகில் இருப்பது வியப்புக்குரியது.

அந்தத் தனித்தன்மையை உடலுக்குள் ஓர் இடத்தில் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற ஆவலும் ரசிகர்களை விடவில்லை. குளம்பின் உள்ளடுக்குகளில் கடும் அழற்சியை உண்டாக்கும் லாமினைட்டிஸ் என்ற நோய் முற்றியதால் கருணைக்கொலை செய்யப்பட்ட செக்ரட்டேரியட்டின் உடலைப் பிணஆய்வு செய்த கென்டக்கிப் பல்கலைக்கழக மருத்துவர் தாமஸ் ஸ்வெர்செக், அதன் இதயம் நோயில்லாமலே வழக்கத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு பெரிதாக இருக்கக் கண்டார். ஆனால் நிறுத்துப் பார்க்கவில்லை. 1993-இல் ஷாம் இறந்தபோது அதன் இதயத்தை நிறுத்தார். 18 பவுண்டு இருந்தது. அதைக்கொண்டு, தாம் முன்பு கண்டது 22 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 10 கிலோ இருந்திருக்கும் என்று மதிப்பிட்டார். தோற்ற குதிரையின் இதயத்துக்குத் துல்லியமான எடை உண்டு. வென்றதன் இதயத்துக்கு நினைவிலிருந்து எழுந்த மதிப்பீடு மட்டுமே உண்டு. பெரிய இதயத்துக்கான மரபணு, தந்தையிடமிருந்து மகள்களுக்கு மட்டுமே செல்லும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதாகவும், மகள்வழி வெற்றிக்கு அதுவே காரணம் என்றும் ஒரு கருத்து பரவியது. அது நிறுவப்படவில்லை. நிறுவப்பட்டாலும், பெல்மான்ட் ஓட்டத்துக்குத் தேவையான கருவியை விளக்குமே தவிர அந்த ஓட்டத்தை விளக்காது. ஷாமுக்கும் பெரிய இதயம் இருந்தது, அன்று அது கடைசியாக வந்தது.

2003-இல் இத்தாலியில் முதல் படியாக்கக் குதிரை பிறந்த பிறகு, ஒரு குதிரையின் உயிரணுவிலிருந்து அதே மரபணுத் தொகுதி கொண்ட குட்டியை உருவாக்குவது இயலாத காரியம் அன்று. தரோபிரெட் ஏடுகள் அதை ஏற்பதில்லை. செயற்கைக் கருவூட்டலைக்கூட ஏற்காமல், இயற்கையான சேர்க்கையில் பிறந்ததையே பதிகின்றன. பொலிகட்டணச் சந்தையைக் காக்கும் விதி என்று இதைச் சொல்பவர்கள் தவறு சொல்லவில்லை. என்றாலும் செக்ரட்டேரியட்டின் படி ஒன்று நாளை வந்து நின்றால் ரசிகர் அதை எவ்வாறு வரவேற்பார் என்று எண்ணிப்பார்ப்பது, இரத்தம் ஓடுகிறது என்ற ஆறுதலுக்குக் கடுமையான சோதனை. முப்பத்திரண்டில் ஒரு பங்கு ஆறுதலானால், முழுப்பங்கு உயிர்த்தெழுதலாகத் தோன்ற வேண்டும், அப்படித் தோன்றாது. அந்தப் படி 1973-இல் ஓடியிருக்கவில்லை.

இறந்தவரின் நன்மை தீமை வழித்தோன்றல்களின் நிலையால் மாறுமா என்று அரிஸ்டாட்டில் தம் அறநூலில் கேட்டு, ஏதேனும் எட்டினாலும் அது மிகச் சிறிதே என்று தயங்கித் தயங்கி முடிக்கிறார். செக்ரட்டேரியட்டின் விஷயத்தில் அதற்கு எட்டிய ஒன்று உண்டு, ஆனால் அது வழித்தோன்றல்களால் வந்ததன்று. 1973 பிரீக்னஸின்போது மின்கடிகாரம் பிழைபட்டு 1 நிமிடம் 55 வினாடி என்று காட்டியது. களத்திலிருந்த அதிகாரி கையால் அளந்த நேரத்தைக் கொண்டு பின்னர் 1:54.4 என்று திருத்தினர். பந்தயச் செய்தித்தாளின் நேரக்கணக்கர்களோ 1:53.4 என்று அளந்திருந்தனர். சாதனை என்று ஏற்கப்படாத அந்த ஓட்டம் 39 ஆண்டுகள் ரசிகர்களின் மனக்குறையாக இருந்தது. பென்னி செனரி முயன்றதன் பேரில் மேரிலாந்து பந்தய ஆணையம் 2012-இல் பழைய காணொளிப் பதிவுகளை நுணுகி ஆராய்ந்து, சரியான நேரம் 1 நிமிடம் 53 வினாடி என்று அறிவிக்க, இறந்து 23 ஆண்டுகளான குதிரைக்கு அப்பந்தயத்தின் சாதனை வந்துசேர்ந்தது. அதன் பேரக்குட்டிகளில் எதுவும் செய்திருக்க முடியாததை நினைவு செய்தது. குதிரைக்கு அது தெரியாது என்பது உண்மை. உயிரோடிருந்தபோதும் கடிகாரம் அதற்குத் தெரிந்திருக்கவில்லை.

பந்தயக் குதிரை இறந்தால் தலை, இதயம், குளம்புகள் ஆகியவற்றை மட்டும் புதைப்பது கென்டக்கிப் பண்ணைகளின் வழக்கம். சிந்தித்தது, துணிந்தது, ஓடியது என்று மூன்றாகப் பிரித்துக் காக்கும் சடங்கு அது. கிளெய்போர்னில் செக்ரட்டேரியட்டை முழு உடலாகவே புதைத்தனர். பூக்களோடு அங்கு வருபவர்களில் பலர் 1989-க்குப் பின் பிறந்தவர்கள். அவர்கள் நினைவுகூருவது தாம் காணாத ஒன்றை. அவர்களில் யாராவது பந்தயத் தொழிலில் நுழைந்து, பிறந்த குட்டிக்கு அதே பெயரை இட விரும்பினால், அமெரிக்காவில் வம்சாவளி ஏட்டை நடத்தும் ஜாக்கி கிளப் அதற்கு இசையாது. அதன் பெயர் விதிகளின்படி, சாதாரணக் குதிரைகளின் பெயர்கள் குறித்த காலத்துக்குப் பின் மீண்டும் பயன்பாட்டுக்கு வரும். செக்ரட்டேரியட் போன்ற சிலவற்றின் பெயர்கள் நிலையாக விலக்கி வைக்கப்பட்டுள்ளன.